‘ரன்’: ஓடும் இடமும் ஓடாத இடமும்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லின் பதிவைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். 2011-இல் அந்த வேலையின் கணக்கு வெளியே தெரிந்தபோது, அந்த வினைக்கு மட்டும் 645 பொருள்கள் தேறியிருந்தன. பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ தனிக்கணக்கு. 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது, அதற்கு 430. இடைப்பட்ட காலத்தில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. காரணம் தேட வேண்டியதில்லை. நீராவி எந்திரம், ஆலை, ரயில், கணினி என்று புதிதாக எது வந்தாலும் ஆங்கிலேயர் அதை ‘ரன்’ பண்ணியே பழகிவிட்டார்கள்.

மொழிபெயர்க்க உட்காருபவர் இந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். 645-இல் பல வழக்கொழிந்தவை. பல, கப்பலோட்டிகளும் வேட்டைக்காரர்களும் நெசவாளர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்டவை. செய்தி மேசையிலும் சப்டைட்டில் வேலையிலும் பயன்பாட்டுக் கையேடுகளிலும் திரும்பத் திரும்ப வருபவை ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதிதான் தடுக்கி விழவைக்கிறது. ஏனென்றால் இந்தச் சொல் கண்ணில் பட்டதும் அகராதியைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ‘அப்ஸ்கான்ட்’ என்று வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். ‘ரன்’ என்று வந்தால் ‘ஓடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

இந்த அத்தியாயம் சொல்வது மூன்று கேள்விகளைத்தான். ஓடுவது எது? ஓட்டுவது யார்? ‘ரன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வாலாகத் தொங்கும் சின்னச் சொல் எது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அகராதி இல்லாமலே பாதி தூரம் போய்விடலாம்.

கொஞ்சம் பூர்வீகம்

சொல்லின் பிறப்பு வரலாறு மொழிபெயர்ப்பாளருக்குப் பெரும்பாலும் அலங்காரம்தான். இங்கே மட்டும் அது வேலைக்கு உதவும்.

‘ரன்’ ஒரு ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்குக் காலால் ஓடுவது எவ்வளவு சொந்தமோ, நீர் ஓடுவதும் வழிவதும் அவ்வளவு சொந்தம். இன்றைய ஜெர்மன் மொழியில் இவை இரண்டு சொற்களாகப் பிரிந்து நிற்கின்றன: ‘ரின்னன்’ என்றால் ஒழுகுவது, வழிவது, ‘ரென்னன்’ என்றால் காலால் ஓடுவது. 1998-இல் வந்த ‘ரன் லோலா ரன்’ என்ற ஜெர்மன் படத்தின் மூலத் தலைப்பில் இருப்பது இரண்டாவது சொல். ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆகவே மூக்கு ‘ரன்’ ஆவதும், குழாய் ‘ரன்’ ஆவதும், துவைத்த துணியில் சாயம் ‘ரன்’ ஆவதும் கவிஞர்கள் இழுத்துப் பிடித்த உவமைகள் அல்ல. சொல்லோடு கூடப் பிறந்தவை. பாலாடைக்கட்டி செய்யப் பாலைத் திரிய வைக்கும் ‘ரென்னெட்’டும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இன்னொன்று நமக்கு நெருக்கமான விஷயம். பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு வினையும் ஒன்றை ஓடச்செய்வதற்கு வேறொரு வினையும் இருந்தன. நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிக்கிறதே, அதேதான். நாளடைவில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. தமிழ் அந்தப் பிரிவை இன்றுவரை விடவில்லை. ஓடு, ஓட்டு, குதிரை ஓடும், சேவகன் ஓட்டுவான். ஆங்கிலத்தில் குதிரையும் ‘ரன்’, குதிரையை ஓட்டுகிறவனும் ‘ரன்’. அதனால் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘ஓட்டு’ குடும்பம், இல்லாவிட்டால் ‘ஓடு’ குடும்பம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

தமிழ் ‘ஓடு’ துணைக்கு வரும் இடங்கள்

நம் சொல்லும் சாதாரணமானதல்ல. ஆறு ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, ஆட்டோ மீட்டர் ஓடுகிறது, மனதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, கையில் காசு இல்லாமலே பிழைப்பு ஓடுகிறது. மின்னோட்டம், நீரோட்டம், கண்ணோட்டம் எல்லாம் இதிலிருந்து வந்தவையே. வேகம்கூடக் கட்டாயமில்லை. திருவாரூர் ஆழித்தேர் ஆடி அசைந்து ஒவ்வோர் அடியாக நகர்ந்தாலும் அது தேரோட்டம்தான். இந்த இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தின் ‘ரன்’னும் நம் ‘ஓடு’வும் கைகோத்துப் போகும். வேறு சொல் தேடி அலைய வேண்டாம். மோட்டார் ‘இயங்குகிறது’ என்றுதான் எழுத வேண்டும் என்பது சில அலுவலகங்களில் எழுதப்படாத சட்டம். கையேட்டில் அப்படி எழுதுங்கள். கதையில் வரும் மெக்கானிக் ‘இயங்குகிறது’ என்று பேசினால் வாசகர் நம்ப மாட்டார்.

நாடகமும் சினிமாவும் இரு மொழியிலும் ஓடும். அகதா கிறிஸ்டியின் ‘த மவுஸ்ட்ராப்’ நாடகம் லண்டன் வெஸ்ட் எண்டில் 1952 நவம்பரில் தொடங்கி, கொரோனா 2020 மார்ச்சில் அரங்குகளைப் பூட்டும்வரை தொடர்ந்து ஓடியது; 2021-இல் மறுபடியும் தொடங்கியது. நம் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது. இரண்டுக்கும் ‘ஓடியது’ தாராளமாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் இதன் பெயர்ச்சொல்லாக ‘அ லாங் ரன்’ என்று வரும்போதுதான் கவனம் வேண்டும். ‘நீண்ட ஓட்டம்’ என்று எழுதினால் மாரத்தான் நினைவுக்கு வரும். ‘பல காலம் ஓடிய நாடகம்’ என்று வினையாகத் திருப்பிவிடுங்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் தமிழ் வினையாக மாற்றுவது இந்தச் சொல்லுக்கு மட்டுமல்ல, எல்லாச் சொல்லுக்கும் நல்ல பழக்கம்.

ஓடுவது எது?

எழுவாய் ஆறும் ரத்தமும் அல்லாத நீர்மமாக இருந்தால் ‘ஓடு’வை வைத்துவிட்டு ஒழுகு, வழி, கசி, கொட்டு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். மூக்கு ஒழுகும், கண்ணீர் வழியும், சாயம் போகும், ஈரம் பட்டால் மை ஊறிப் பரவும். குழாயைத் திறந்துவிட்டுப் போனால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். முட்டையின் மஞ்சள் கரு ‘ரன்னி’ என்றால் சரியாக வேகாமல் கொழகொழவென்று இருக்கிறது என்று பொருள். மூக்கைப் பற்றி ஒரு சிறு செய்தி: நாம் ‘ரன்னிங் நோஸ்’ என்று சொல்வதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘ரன்னி நோஸ்’ என்பார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இது உதவும்.

எழுவாய் சாலை, வேலி, மலைத்தொடர், எல்லைக்கோடு என்று அசையாத பொருளாக இருந்தால், ஆங்கிலம் அதையும் ஓட வைக்கும். தமிழில் சாலை ‘செல்கிறது’, மலைத்தொடர் ‘நீள்கிறது’, வேலி ‘போகிறது’. குமரியிலிருந்து குஜராத் எல்லைவரை மேற்குத் தொடர்ச்சி மலை ‘ஓடுகிறது’ என்று எழுதினால் மலை எதற்கோ பயந்துவிட்டது போல இருக்கும்.

எழுவாய் பேருந்தோ ரயிலோ என்றால் ஒரு பழைய பொறி இருக்கிறது. ‘பஸ்ஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்பதைப் பத்து நிமிடம் ஓடும் பேருந்தாக மொழிபெயர்த்த வரைவுகள் உண்டு. ‘பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து’ என்றால் போதும், வினையே வேண்டாம். அதேபோல் ஒருவர் ‘ரன்னிங் லேட்’ என்றால் அவர் ஓடவில்லை, வரத் தாமதமாகிறது. பெரும்பாலும் அவர் போக்குவரத்து நெரிசலில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

எழுவாய் ஒப்பந்தம், குத்தகை, விசா என்றால் அது எதுவரை செல்லுபடியாகும் என்று பொருள். எழுவாய் நோயோ குணமோ என்றால், பின்னால் ‘இன் த ஃபேமிலி’ இருக்கும். சர்க்கரை அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது. திறமை என்றால் நமக்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: சங்கீதம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது.

எழுவாய் மனிதராகவும், பின்னால் ‘ஃபார்’ என்ற சொல்லும் ஒரு பதவியும் இருந்தால், உங்கள் முன்னால் இருப்பது அமெரிக்கத் தேர்தல் செய்தி. இங்கே சற்று நிற்கலாம். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு ‘ரன்’ பண்ணுவார். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். தமிழ், கேட்காமலே பிரிட்டன் பக்கம் சேர்ந்துவிட்டது: நாமும் தேர்தலில் ‘நிற்கிறோம்’. எந்திரம் தந்த வரைவில் ‘அதிபருக்காக ஓடுகிறார்’ என்று வந்தால் கை நடுங்காமல் அடித்துவிட்டு ‘அதிபர் தேர்தலில் போட்டியிடுகிறார்’ என்று எழுதுங்கள்.

அதனோடு சேர்ந்து வரும் ‘ரன்னிங் மேட்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஒரே லாயத்தின் நல்ல குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இறக்கப்படும் இன்னொரு குதிரைக்குத்தான் அந்தப் பெயர். 2020 ஆகஸ்டில் ஜோ பைடன், கமலா ஹாரிஸைத் தன் ‘ரன்னிங் மேட்’ ஆக அறிவித்தபோது, ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம்வரை கொண்டாட்டம் வந்தது. அந்தச் சொல்லை ‘உடன் ஓடுபவர்’ என்று பிரித்து எழுதாமல், ‘துணை அதிபர் வேட்பாளர்’ என்று பதவியைச் சொல்வதே முறை. பந்தயத் திடலிலிருந்து வந்த மற்ற இரண்டு: ‘ஃபிரன்ட் ரன்னர்’ என்றால் முன்னிலையில் இருப்பவர், ‘ஆல்ஸோ ரேன்’ என்றால் பந்தய முடிவுப் பட்டியலின் கடைசியில் ‘இவையும் ஓடின’ என்று ஒப்புக்குச் சேர்க்கப்பட்ட குதிரைகள். ஒரு வேட்பாளரை அப்படிச் சொன்னால் அது கிண்டல். ‘போட்டியில் பெயருக்கு இருந்தவர்’ என்று அந்தக் கிண்டலையும் சேர்த்துக் கொண்டுவரப் பாருங்கள்.

ஓட்டுவது யார்?

ஒருவர் கடையையோ மருத்துவமனையையோ நாட்டையோ ‘ரன்’ பண்ணுகிறார் என்றால் ‘நடத்துகிறார்’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் ஓட வைக்கும் கடையை நாம் நடக்க வைக்கிறோம். ‘ஓட்டுகிறார்’ என்று எழுதினால் என்ன தவறு என்று கேட்கலாம். இலக்கணத் தவறு ஒன்றும் இல்லை, தொனிதான் தவறு. தமிழில் கடையையோ குடும்பத்தையோ ‘ஓட்டுவது’ என்றால் சிரமப்பட்டுத் தள்ளிக்கொண்டு போவது. “எப்படியோ ஓட்டிக்கிட்டிருக்கேன்ணா” என்கிறவரிடம் கடன் கேட்க யாருக்கும் வாய் வராது. ஆயிரம் படுக்கை மருத்துவமனையை நிர்வகிக்கும் அம்மையாரைப் பற்றிய கட்டுரையில் அவர் மருத்துவமனையை ஓட்டுகிறார் என்று எழுதினால், நோயாளிகள் வேறு இடம் தேடுவார்கள். மாறாக, மூலத்தில் ஒரு விதவைத் தாய் சொற்பக் கூலியில் வீட்டை ‘ரன்’ பண்ணுகிறாள் என்றால் அங்கே ‘ஓட்டுகிறாள்’ தான் சரியான சொல், ‘நடத்துகிறாள்’ பொருந்தாது. இரண்டில் எது என்று அகராதி சொல்லாது. அந்தப் பத்தியில் பணம் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

எந்திரமும் மென்பொருளும் என்றால் ‘இயக்கு’. 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் உருவான ‘பேஸிக்’ நிரல்மொழியில் எழுதியதை இயக்க ‘ரன்’ என்றுதான் தட்டச்சு செய்தார்கள். இன்றும் விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்தினால் அதே பெயரில் ஒரு சிறு பெட்டி திறக்கும். சோதனை, ஆய்வு என்றால் ‘செய்’. செய்தி, விளம்பரம் என்றால் ‘வெளியிடு’. சிவப்பு விளக்கு என்றால் ‘நிற்காமல் கடந்துபோ’. அபாயம் என்றால் அந்த ஆபத்துக்கு இடமிருக்கிறது என்று எழுதுவதே இயல்பு. யாரும் அபாயத்தை ஓட்டுவதில்லை. காய்ச்சலை ஆங்கிலேயர் ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’ என்பார்கள். ‘வெப்பநிலை ஓடுகிறது’ என்று மருத்துவச் சிற்றேடு ஒன்றில் வந்தால் சிரிப்பு வரலாம். மாத்திரை எழுதும் இடத்தில் சிரிப்பு நல்லதல்ல.

‘ரன் அமோக்’ என்பதில் இரண்டாம் சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. வெறி பிடித்து வெட்டிச் சாய்ப்பதைக் குறித்தது. இப்போது ஆங்கிலத்தில் குழந்தைகள் வீட்டைத் தலைகீழாக்கினாலும் இதையே சொல்கிறார்கள். யார் ‘அமோக்’ ஆனார்கள் என்பதைப் பார்த்துச் சொல்லின் எடையைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும்.

வால்கள்

மூன்றாவது கேள்விதான் கடினம். ‘ரன்’ என்ற சொல்லோடு அப், டவுன், அவுட், ஓவர், இன்டு, ஆஃப் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டால் புதிதாக ஒரு சொல் பிறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அதற்கும் ஓடுவதற்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒவ்வொரு வாலுக்கும் மூன்று நான்கு பொருள் இருப்பதால், வாலுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லையும் சேர்த்துப் படித்தால்தான் தெளியும்.

‘ரன் டவுன்’ நல்ல எடுத்துக்காட்டு. கைப்பேசியில் என்றால் சார்ஜ் இறங்கிவிட்டது. கட்டடம் என்றால் சிதிலமாகிவிட்டது. ஆள் தன்னைப் பற்றிச் சொன்னால் உடம்பு அசந்து, தெம்பில்லாமல் இருக்கிறது. ஆளை வண்டி என்றால் மோதித் தள்ளிவிட்டது. ஆளை ஆள் என்றால் மட்டம் தட்டுகிறான். இரண்டு சொல்லும் ஒட்டி ‘ரன்டவுன்’ என்று பெயர்ச்சொல்லானால் நடந்ததன் சுருக்கம். ஆறு பொருள், ஒரே உருவம். ஆனால் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்: ‘கீழே’ என்ற வாலின் நிழல் எல்லாவற்றிலும் விழுகிறது. இறங்குவது, சரிவது, அசந்துபோவது, மட்டம் தட்டுவது, எல்லாமே தாழ்வை நோக்கிப் போகின்றன. பொருள் பிடிபடாதபோது ‘ரன்’ என்ற சொல்லை மூடிவைத்துவிட்டு வாலை மட்டும் வைத்து ஊகித்தால் பெரும்பாலும் திசையாவது சரியாக இருக்கும்.

‘ரன் அப்’ என்றால் அதேபோல் மேலே. கடைக்கணக்கு ஏறிவிட்டது, தமிழிலும் கடன் ‘ஏறும்’ என்பதால் இங்கே சிக்கல் இல்லை. தையற்காரர் ஒரு சட்டையை ‘ரன் அப்’ செய்தால் மளமளவென்று தைத்துக் கொடுத்தார். கிரிக்கெட்டில் பந்துவீச ஓடிவரும் தூரம். ‘ரன் அப் டு த எலெக்‌ஷன்’ என்றால் தேர்தலுக்கு முந்தைய நாட்கள். இதைத் ‘தேர்தல் ஓட்டம்’ என்று எழுதக் கூடாது. தமிழில் ஓட்டு என்றால் வாக்கும் ஆகும் என்பதால் அந்தத் தொடர் வேறு பொருள்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வரும்.

‘ரன் இன்டு’ என்பதில் செய்தி மேசைகள் அடிக்கடி இடறும். ஆள் ஆளுக்குள் ‘ரன் இன்டு’ ஆனால் எதிர்பாராமல் சந்தித்தார்கள். கார் சுவரில் என்றால் மோதியது. தொகை கோடிகளில் என்றால் நஷ்டம் கோடிக்கணக்கில் இருக்கும். திட்டம் சிக்கலில் என்றால் சிக்கலில் மாட்டிக்கொண்டது.

‘ரன் அவுட்’ தீர்ந்துபோவது. காஸ் தீர்ந்தது, பொறுமை போனது, கால அவகாசம் முடிந்தது. அதோடு ‘ஆன்’ என்று இன்னொரு வால் சேர்ந்தால், கணவனோ மனைவியோ கைவிட்டுப் போய்விட்டார்கள். கிரிக்கெட் ‘ரன் அவுட்’டை மொழிபெயர்க்காதீர்கள், அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ஆனால் அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. 1947 டிசம்பரில் சிட்னியில் வினூ மன்கட், பந்துவீசும் முன்பே கோட்டை விட்டு வெளியேறிய பில் பிரவுனை ‘ரன் அவுட்’ செய்தார். ஆங்கில வாக்கியத்தில் மன்கட்தான் எழுவாய். அவர் பிரவுனை ‘ரன்’ பண்ணுகிறார். ஓடாதவர் ஓட்டுகிறார், ஓடியவர் செயப்படுபொருள். பழைய ஆங்கிலத்தின் தொலைந்துபோன பிறவினை இங்கே உயிரோடு இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிட்டது, அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. ‘ரன் த்ரூ’ ஒருமுறை முழுவதும் பார்த்துக்கொள்வது. ‘ரன் ஆஃப்’ என்றால் ஓடிப்போவது, நகல் எடுப்பது. அதையே ஒட்டி எழுதினால் மழைநீர் தரையில் இறங்காமல் வழிந்தோடுவது, அல்லது முதல் சுற்றில் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலின் இரண்டாம் சுற்று. சுற்றுச்சூழல் செய்தியா பிரான்ஸ் தேர்தல் செய்தியா என்று தெரிந்தால் போதும். ‘ரன் இன்’ புது எந்திரத்தை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்குவது. ‘ஹேட் அ ரன்-இன் வித்’ என்றால் அவரோடு வாய்த்தகராறு.

பெயர்ச்சொல்லாக வரும்போது

வங்கிச் செய்திகளில் வரும் ‘ரன்’ இருப்பதிலேயே ஆபத்தானது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக்குப் பாங்க் ஆஃப் இங்கிலாந்து அவசரக் கடன் தரப்போகிறது என்ற செய்தி கசிந்ததும், மறுநாள் காலை கிளைகளின் வாசலில் வைப்புதாரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். வங்கியை அடுத்த ஆண்டே அரசு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வரிசையே இல்லை. ஒரே நாளில் 4,200 கோடி டாலரைக் கைப்பேசியிலும் கணினியிலும் எடுக்க முயன்றார்கள். இரண்டுக்கும் ஆங்கிலம் ‘பேங்க் ரன்’ என்றது. ‘வங்கி ஓட்டம்’ என்றால் வங்கி ஓடிவிட்டது என்று தமிழ் வாசகர் நினைப்பார். சீட்டுக் கம்பெனிகள் ஓடிய அனுபவம் நமக்குக் கொஞ்சமா? ‘பணத்தைத் திரும்ப எடுக்க வைப்புதாரர்கள் முண்டியடித்தனர்’ என்று எழுதினால் நீளம்தான், ஆனால் யாருக்கும் குழப்பம் வராது. தலைப்பில் இடமில்லை என்றால் ‘பணம் எடுக்க முண்டியடிப்பு’.

‘ட்ரையல் ரன்’ என்பதற்குத் தமிழில் தங்கம் போல ஒரு சொல் காத்திருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேருக்கு, புது ரயிலுக்கு, புது மென்பொருளுக்கும் அது பொருந்தும். ‘சோதனை ஓட்டம்’ என்ற நேர்மொழிபெயர்ப்பு செய்திகளில் நிலைத்துவிட்டாலும், இடம் கிடைத்தால் வெள்ளோட்டத்தை விடாதீர்கள். ‘ட்ரை ரன்’ சற்று வேறு. அதில் உண்மையான பொருள் பயன்படாது, நடைமுறை மட்டும் செய்து பார்க்கப்படும். 2021 ஜனவரி 2 அன்று நாடு முழுவதும் மருந்தில்லாமல் கொரோனா தடுப்பூசி ‘ட்ரை ரன்’ நடந்தபோது நாளிதழ்கள் ‘ஒத்திகை’ என்று எழுதின. அதுவே சரி.

‘இன் த லாங் ரன்’ என்றால் நாளடைவில். ‘ஆன் த ரன்’ என்றால் தலைமறைவு. ‘அ ரன் ஆஃப் பேட் லக்’ என்றால் ஒன்று மாற்றி ஒன்றாகக் கெட்டது. ‘ரன் ஆஃப் த மில்’ ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வந்த சரக்கு, ஆகவே சராசரியானது. ‘பிரின்ட் ரன்’ ஒரே தடவையில் அச்சிட்ட பிரதிகள். ‘த ரன்ஸ்’ என்று பன்மையில் வந்து, பக்கத்தில் மட்டையும் பந்தும் இல்லை என்றால், வயிற்றுப்போக்கு. பெண்களின் காலுறையில் நூல் விட்டுக் கிழிந்த கோட்டை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டிஷார் ‘லேடர்’ என்பார்கள். சப்டைட்டிலில் ஓட்டமும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்.

சில இடங்களில் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 2000-இல் வந்த ‘சிக்கன் ரன்’ என்ற அனிமேஷன் படத்தில், கோழிகளை விடும் வேலியடைத்த முற்றத்துக்கும் கோழிகள் தப்பியோடுவதற்கும் ஒரே சொல். தமிழில் இரண்டையும் ஒரு தலைப்பில் பிடிக்க முடியாது. தப்பியோடுவதை வைத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிடலாம்.

கிரிக்கெட் ‘ரன்’ பற்றி ஒரு வரி. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன, தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘ரன்கள்’ என்று எழுதுகின்றன. யாருக்காக மொழிபெயர்க்கிறீர்களோ அவர்கள் வழக்கே வழக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டி நான்கு போகும்போது யாரும் ஓட வேண்டியதில்லை, ஆனாலும் அது நான்கு ஓட்டம்தான் என்று யாராவது வாதாடினால் வம்புக்குப் போகாதீர்கள். ஆங்கிலத்திலும் நிலைமை அதேதான்.

நம் ஊர் ‘ரன்னிங்’

எதிர்த்திசையில், அதாவது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, நாம் ஆங்கிலம் என்று நம்பும் சில சொற்கள் வெளியூரில் செல்லாது. தச்சரும் கட்டட மேஸ்திரியும் நீளத்தைக் கணக்கிடும் ‘ரன்னிங் ஃபுட்’ அமெரிக்க ஆவணத்தில் ‘லீனியர் ஃபுட்’. ஓட்டப்பந்தயத்துக்கு நாம் சொல்லும் ‘ரன்னிங் ரேஸ்’ அவர்களுக்கு வெறும் ‘ரேஸ்’. பள்ளியில் அதட்டி எழுத வைக்கும் ‘ரன்னிங் ஹேண்ட்ரைட்டிங்’ அவர்களிடம் ‘கர்சிவ்’, அல்லது ‘ஜாயின்ட்-அப்’. ஒப்பந்தக்காரர் வேலை நடக்க நடக்கப் போடும் ‘ரன்னிங் பில்’, ரயில் ஓட்டுநரும் கார்டும் இளைப்பாறும் ‘ரன்னிங் ரூம்’ ஆகியவை துறைச் சொற்கள். அவற்றை மாற்றாமல், முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

இலக்கணப் பிழையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ரன், ரேன், ரன். மூன்றாவது வடிவம் முதலாவதுதான். ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது இங்கே மிகப் பரவலான பிழை.

பயிற்சி

அகராதி தேவைப்பட்டால், சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1965-இல் நிறைவுசெய்த ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தில் ‘ரன்’ பதிவைப் படியுங்கள். பழைய புத்தகம்தான்; கணினிப் பொருள் இருக்காது. அதோடு, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ‘ஓடு’, ‘ஓட்டு’, ‘ஓட்டம்’ மூன்றையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டாவது புத்தகம்தான் அதிகம் உதவும்.

கீழே உள்ள ஆறு வாக்கியங்களை மூன்று கேள்விகளையும் கேட்டு மொழிபெயர்த்துப் பாருங்கள்.

‘த டை இன் திஸ் சாரி ரன்ஸ்.’

‘ஷி ரன்ஸ் அ டைட் ஷிப்.’ பேசப்படுபவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியை.

‘த ஃபெர்ரி டஸ்ன்ட் ரன் ஆன் சண்டேஸ்.’

‘லெட் மீ ரன் திஸ் பை மை பாஸ்.’

‘த லீஸ் ஹேஸ் டூ இயர்ஸ் டு ரன்.’

‘டோன்ட் ரன் யுவர்செல்ஃப் டவுன்.’ அம்மா மகளிடம் சொல்வது.

ஆறில் ஒன்றே ஒன்றில்தான் ‘ஓடு’ செல்லும். உங்கள் விடையில் அது ஒன்றுக்கு மேல் வந்திருந்தால், வால்களைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை படித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.